சாக்ஸ் வித்தவர் காட்டிய முப்பது கோடு



உடுமலையில இருந்து திருப்பூர் வரைக்கும் நூலும் பின்னலும்தான் நம்ம பக்கத்துக்குச் சோறு போடுது. ஸ்பின்னிங் மில், பனியன் கம்பெனி, செக்கிங், பேக்கிங்னு நம்ம வகுப்புல பல பேரோட வீடு அதை நம்பித்தான் ஓடுது. அதனால இந்த இதழுக்கு எடுத்துக்கிட்ட மனிதர் நமக்குக் கொஞ்சம் பங்காளி மாதிரி. வேலை செய்யும் டெலிவிஷனை முதன்முதலா உலகத்துக்கு ஓட்டிக் காட்டினவர். அதுக்கு முன்னாடி சாக்ஸ் வித்தவர். பேரு ஜான் லோகி பெயர்ட்.

டெஸ்க்டாப்பை எச்.டி. டி.வி.யில மாட்டினா 1080பி, 1080ஐ, 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்னு ஒரு பட்டியல் வருமே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனா, இவரோட வெற்றியும் தோல்வியும் சேர்ந்தே வருது.

கரன்ட் போன ஊர்

1888 ஆகஸ்ட் 13 அன்று ஸ்காட்லாந்தில் ஹெலன்ஸ்பரோ என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா பாதிரியார். நாலு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. சின்ன வயசுலேயே வீட்டிலிருந்து எதிர்த்தெரு நண்பர்கள் வீட்டுக்குக் கம்பி இழுத்து, சொந்தமா ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்தினார். உடம்பு மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துழைக்கல. எப்பவும் சளி, காய்ச்சல்.

கிளாஸ்கோவில் ராயல் டெக்னிக்கல் காலேஜில் மின்பொறியியல் படிச்சார். அப்புறம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் குறுக்கே வர, அந்தப் பட்டத்தை முடிக்கவே இல்லை. ராணுவத்துக்குப் போனார், உடம்பு தகுதியில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலை கிடைச்சது. அங்கே கார்பன் கம்பியில் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சி வைரம் செய்யப் பார்த்தார். வைரம் வரல, கிளாஸ்கோவின் ஒரு பகுதிக்குக் கரன்ட்தான் போச்சு.

எப்பவும் காலு ஜில்லுனு இருக்கும் மனுஷன். அதுக்கு அவரே ஒரு வழி கண்டுபிடிச்சார். போராக்ஸ் தடவின மெல்லிய சாக்ஸை வழக்கமான சாக்ஸுக்கு உள்ளே போட்டுக்கறது. அதையே சரக்காக்கி, விளம்பர அட்டையைக் கழுத்தில் மாட்டின பெண்களைத் தெருவில் நடக்கவிட்டு வித்தார். நல்ல காசு வந்தது. உடம்பு முடியாம அதை விட்டுட்டு டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் காய்ச்சினார். சர்க்கரைப் பாகுக்குப் பூச்சிகள்தான் கூட்டமா வந்துச்சு. திரும்பி வந்து லண்டனில் சோப் வித்தார். 1923இல் மறுபடியும் உடம்பு படுத்தி எடுக்க, கடல் காத்துக்காக ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் ஒதுங்கினார். வயசு 34. வேலை இல்லை, தொழில் இல்லை.

தேயிலைப் பெட்டியும் தையல் ஊசியும்

அங்கேதான் டெலிவிஷன் பைத்தியம் பிடிச்சது. யோசனை அவருடையது இல்லை. ஜெர்மனிக்காரர் பால் நிப்கோ 1884லேயே காப்புரிமைக்கு விண்ணப்பிச்ச தட்டு அது. ஒரு வட்டத் தட்டில் சுருள் வடிவில் வரிசையா ஓட்டைகள். தட்டு சுத்தும்போது ஒவ்வொரு ஓட்டையும் படத்தின் மேல் ஒரு கோடு இழுத்துக்கிட்டுப் போகும். அந்தக் கோட்டில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டுன்னு ஒளிமின்கலம் மின்சாரமா மாத்தும். மறுமுனையில் அதே மாதிரி ஒரு தட்டு, பின்னால ஒரு நியான் விளக்கு. ரெண்டு தட்டும் ஒரே வேகத்தில் ஒத்துச் சுத்தணும். கொஞ்சம் பிசகினாலும் படம் நழுவி ஓடிடும்.

பழைய வி.ஜி.ஏ. கேபிள் பார்த்திருப்பீங்க. அதில் 13, 14ஆவது பின்கள் இந்த ஒத்துப்போற வேலைக்குன்னே இருக்கு. பெயர்ட் மோட்டாரோடு மல்லுக்கட்டினதும் இதுக்காகத்தான்.

அவர் லேப் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா நம்ம ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேவலாம்னு தோணும். தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி அட்டையில் வெட்டின தட்டு, துணி தைக்கிற ஊசி, சைக்கிள் விளக்கு லென்ஸ், அரக்கு, பசை. 1924இல் ஆயிரம் வோல்ட் ஷாக் அடிச்சது. கை மட்டும் கருகி உயிர் பிழைச்சார். இடத்துக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார்.

லண்டனுக்கு வந்தார். 1925 மார்ச்சில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையில் ஜனங்களுக்குக் காட்டினார். வெறும் நிழலுருவம்தான் தெரிஞ்சது. அதே வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, ஸ்டூக்கி பில் என்ற பொம்மைத் தலை நிழலும் வெளிச்சமுமா திரையில் வந்தது. விளக்குச் சூடு தாங்காதுன்னுதான் பொம்மை. சந்தோஷத்தில் கீழ்மாடி ஆபீஸுக்கு ஓடி, அங்கே வேலை செஞ்ச 20 வயசுப் பையன் வில்லியம் டெய்ன்டனைக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சார். முழுச் சாயலோட டெலிவிஷனில் தெரிஞ்ச முதல் மனிதர் அவர்தான். 1926 ஜனவரி 26 அன்று சோஹோ பகுதியில், ஃபிரித் தெருவின் 22ஆம் எண் மாடியில், ராயல் இன்ஸ்டிடியூஷன் அறிஞர்கள் நேரில் வந்து பார்த்தாங்க.

படத்தில் மொத்தம் 30 கோடு. நொடிக்கு 5 படம், பின்னாடி 12.5. கோடுகள் நெட்டுக்குத்தா ஓடும், படமும் அகலம் குறைஞ்சு உயரமா இருக்கும். நாம போன்ல பார்க்கிற ரீல்ஸ் மாதிரின்னு வெச்சுக்கோங்க.

அடுத்த வருஷங்கள் அவருடையவை. 1927இல் டெலிபோன் கம்பி வழியா லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு, ஏறக்குறைய 700 கிலோமீட்டர். 1928இல் அட்லாண்டிக் கடல் தாண்டி நியூயார்க் பக்கம். அதே 1928இல் கலர்கூடக் காட்டினார். 1929 செப்டம்பரில் பி.பி.சி. கோபுரம் வழியா 30 கோட்டுப் படம் வீடுகளுக்குப் போக ஆரம்பிச்சது.

நாணயம் சுண்டின நாள்

இனிமேதான் சிக்கல். தட்டு எவ்வளவு பெருசாகணும், எவ்வளவு வேகமா சுத்தணும்? கோடு கூடக்கூட இரும்பும் மோட்டாரும் மூச்சு வாங்கும். இன்னொரு பக்கம் ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் ஈ.எம்.ஐ. கம்பெனி, சுத்துற பாகமே இல்லாத எலக்ட்ரானிக் கேமராவைச் செஞ்சுக்கிட்டு இருந்தது. இது பைக்குக்கு மாசாமாசம் கட்டுற ஈ.எம்.ஐ. இல்லீங்க!

ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்க்கலாம்னு பிரிட்டிஷ் அரசு முடிவு பண்ணுச்சு. 1936 நவம்பர் 2, அலெக்ஸாண்ட்ரா பேலஸ். யார் முதல்ல ஓட்டறதுன்னு நாணயம் சுண்டினாங்க. பெயர்ட் கம்பெனி ஜெயிச்சது. 240 கோடு, நொடிக்கு 25 முழுப்படம். மார்கோனி-ஈ.எம்.ஐ. பக்கம் 405 கோடு. அதில் ஒத்தைக் கோடுகள் ஒரு முறை, ரெட்டைக் கோடுகள் அடுத்த முறைன்னு நொடிக்கு 50 அரைப்படம். நாம இன்டர்லேஸ்னு படிக்கிறோமே, அதேதான். ரெண்டுக்கும் அன்னைக்கு வெச்ச பேரு ஹை டெஃபனிஷன். ஆமாங்க, 240 கோடுதான் அந்தக் காலத்து எச்.டி.!

பெயர்ட் பக்கத்துக் கேமரா தரையோடு திருகி வெச்சது, நகராது. ஃபிலிமில் படம் எடுத்து, அங்கேயே கழுவி, ஈரத்தோடு ஸ்கேன் பண்ணணும். படம் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் தாமதமா வரும். நொடிக்கு 25 என்பதால் கண்ணுக்கு மினுங்கலும் தெரியும். எதிராளியோட கேமராவைத் தோட்டத்துக்கே எடுத்துட்டுப் போகலாம். போதாக்குறைக்கு நவம்பர் 30 ராத்திரி கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடிச்சு, அங்கே இருந்த பெயர்ட் கம்பெனி லேபின் பெரும்பகுதி சாம்பலாச்சு. 1937 பிப்ரவரியில் பெயர்ட் முறையை நிறுத்திட்டாங்க. மூணே மாசம்.

அந்தச் சண்டை நம்ம ரூமில்

டெஸ்க்டாப்பை டி.வி.யில மாட்டும்போது இந்தப் பஞ்சாயத்தை நாமளே தீர்க்க வேண்டியிருக்கு. 1080ஐ என்பது ஈ.எம்.ஐ. வழி, அரை அரையா வரும் படம். சினிமாவுக்குப் பரவாயில்லை. ஆனா எக்ஸெல் கட்டத்தின் மெல்லிய கோடும் சின்ன எழுத்தும் நடுங்கும். 1080பி என்பது பெயர்ட் வழி, முழுப்படம். அவரை வீழ்த்தின காரணங்களில் நொடிக்கு 25 மட்டுமே வந்ததால் தெரிஞ்ச மினுங்கலும் ஒண்ணு. இன்னைக்கு 60 முழுப்படம் வரும்போது அந்தக் குறையே இல்லை. அதனால பட்டியலில் இருந்தா 1080பி, 60 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்க. எச்.டி. ரெடின்னு போட்ட சில பழைய டி.வி.களின் பேனல் 1366க்கு 768தான். அதுக்கு அந்த அளவையே கொடுங்க.

டாஸ்க்பார் ஓரத்தில் வெட்டிப் போகுதா? கேதோடு குழாய் டி.வி.யில் ஓரம் கோணலா வரும்னு படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி மறைச்ச பழக்கம் அது. ஓவர்ஸ்கேன்னு பேரு. டி.வி. மெனுவில் ஸ்கிரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன்னு ஏதாவது இருக்கும், போட்டா சரியாகிடும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கார்டில் உள்ள துளையில்தான் சொருகணும், மதர்போர்டில் இல்லை. சத்தம் வரலைன்னா ஆடியோ அவுட்புட்டை டி.வி.க்கு மாத்துங்க.

ஆயிரம் கோடு

தோத்த பெயர்ட் என்ன பண்ணினார்? வீட்டோடு லேப் வெச்சு, சொந்தக் காசில் வேலையைத் தொடர்ந்தார். தன் தட்டை விட்டுட்டு, தன்னைத் தோற்கடிச்ச கேதோடு குழாய்க்கே மாறினார். போர்க்காலத்தில் குண்டு விழுந்துக்கிட்டு இருந்த லண்டனில், 1944 ஆகஸ்டில் டெலிக்ரோம் என்ற எலக்ட்ரானிக் கலர் குழாயை ஓட்டிக் காட்டினார். போர் முடிஞ்சதும் டி.வி. எப்படி இருக்கணும்னு யோசிக்க அரசு போட்ட ஹாங்கி குழுவிடம், ஆயிரம் கோடு, அதுவும் கலரில் வேணும்னு வாதாடினார். 30 கோட்டில் ஆரம்பிச்ச மனுஷன் கேட்டது இது!

யாரும் செய்யல. பி.பி.சி. 1946 ஜூன் 7 அன்று டி.வி.யை மறுபடி தொடங்கினப்ப அதே பழைய 405 கோடுதான். சரியா ஒரு வாரம் கழிச்சு, ஜூன் 14 அன்று, பெக்ஸ்ஹில் என்ற ஊரில் 57 வயசில் பெயர்ட் இறந்துபோனார். பிரிட்டனில் அந்த 405 முழுசா ஓய்ந்தது 1985இல். அவர் கேட்ட ஆயிரம் கோடு இப்ப நம்ம ரூம் சுவரில் தொங்குது.

நம்ம ஊர்க் கதையும் ஒண்ணு உண்டு. அவர் இறந்து நாலு வருஷத்துக்குள்ள, 1950 ஜனவரியில், சென்னை தேனாம்பேட்டை கண்காட்சியில் பி. சிவகுமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் ஒரு கடிதத்தை ஸ்கேன் பண்ணி, கேதோடு குழாய்த் திரையில் காட்டினார். பத்திரிகையில் செய்தியா வந்துச்சு. டெல்லியில் டி.வி. ஒளிபரப்பு தொடங்க இன்னும் ஒன்பது வருஷம் இருந்த காலம் அது.

கடைசியா ஒண்ணு. 1927, 28இல் பெயர்ட் தன் 30 கோட்டுப் படங்களைச் சிலதை கிராமபோன் தட்டில் பதிஞ்சு வெச்சார். அந்தச் சிக்னல் அவ்வளவு சின்னது, காதால் கேட்கும் சத்தமாவே அடங்கிடும். திருப்பிப் போட்டுப் பார்த்தா படம் சரியா வரல, அப்படியே கிடப்பில் போச்சு. 1980களில் டொனால்ட் மெக்லீன் என்ற பொறியாளர் அந்தச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏத்தி, நடுக்கத்தைத் திருத்தி, படத்தை மீட்டுட்டார். இணையத்தில் இருக்கு, தேடிப் பாருங்க. டெஸ்க்டாப்பிலிருந்து டி.வி.க்கு அனுப்பிப் பார்த்தா, ரெண்டு பக்கமும் கருப்பு, நடுவில் ஒல்லியா ஒரு நெட்டைப் படம். அதில் ஸ்டூக்கி பில் தலையை ஆட்டிக்கிட்டு இருப்பான்.