கேமராவுக்கு முன்னாடி வானத்தைத் தேர்வு செய்தவர்: யார் இந்த வைணு பாப்பு?

இரவு வானத்தைப் படம் எடுக்கணும்னு ஆசை வந்ததும் நாம் முதலில் தேடுவது என்ன? எந்த கேமரா, எந்த லென்ஸ், என்ன விலை. ஆனால் இந்தியாவின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றுக்குப் பெயராக இருக்கும் மனிதர் முதலில் தேடியது இடத்தை.

தருமபுரி மாவட்டம் காரிமங்கலத்திலிருந்து வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 75 கி.மீ. தூரத்தில் இருக்கிறது அந்த இடம்: ஜவ்வாது மலையில் உள்ள காவலூர்.

யார் இவர்?

வைணு பாப்பு 1927-ல் சென்னையில் பிறந்தார். அப்பா ஹைதராபாத் நிஜாமியா வான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். அதனால் சின்ன வயதிலேயே தொலைநோக்கி பழகிவிட்டது.

மேற்படிப்புக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு போனார். 1949-ல் வானத்தைப் படமெடுத்த ஒரு கண்ணாடித் தகட்டில் புதிய வால்நட்சத்திரம் சிக்கியது. பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர். அப்போது அவருக்கு வயது 21.

பிறகு ஓலின் வில்சனுடன் சேர்ந்து, சில வகை நட்சத்திரங்களின் ஒளியில் தெரியும் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்தே அவற்றின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். 1957-ல் வெளியான இந்த ஆய்வுதான் 'வில்சன்-பாப்பு விளைவு'.

ஏன் காவலூர்?

இந்தியா திரும்பியவர், வாரணாசியில் இருந்த ஆய்வகத்தை 1955-ல் நைனிதால் மலைக்கு மாற்றினார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநர் ஆனார். அது சூரியனை ஆராய்வதற்கான இடம். நட்சத்திரங்களுக்கு வேறு மலை தேவைப்பட்டது.

தேடலின் முடிவில் கிடைத்தது காவலூர். நகர வெளிச்சம் எட்டாத காடு, சுமார் 725 மீட்டர் உயரம். இன்னொரு லாபமும் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால், வட இந்தியாவிலிருந்து சரியாகத் தெரியாத தெற்கு வானமும் இங்கே கண்ணுக்குக் கிடைக்கும்.

வாங்குவதா, செய்வதா?

இடம் கிடைத்ததும் நேராகப் பெரிய கருவிக்குப் போய்விடவில்லை. 1968-ல் வேலை தொடங்கியது, கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியுடன். 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் நிறுவனத்திடமிருந்து வாங்கிய 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று.

அடுத்தது 2.34 மீட்டர். இதையும் வெளிநாட்டில் வாங்கியிருக்கலாம். பாப்பு எடுத்த முடிவு: இங்கேயே வடிவமைத்து, இங்கேயே கட்டுவோம். நாளாகும்தான். ஆனால் கருவியோடு, அதைச் செய்யத் தெரிந்த ஆட்களும் நாட்டுக்குக் கிடைப்பார்கள்.

அதற்கான விலையை அவரே கொடுத்தார். 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானவர், 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். வயது 55. தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. 1986 ஜனவரியில் அது அர்ப்பணிக்கப்பட்டு, அவர் பெயர் சூட்டப்பட்டபோது அவர் இல்லை.

சரி, நமக்கு இதில் என்ன?

அவர் போன வரிசையை நாமும் பிடிக்கலாம். முதலில் இருட்டு: நிலா இல்லாத இரவு, நெடுஞ்சாலை வெளிச்சம் படாத இடம். இரண்டாவது, ஆடாத ஸ்டாண்ட். பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகரும். சாதாரண ஸ்டாண்டில் அகல லென்ஸ் போட்டாலும் சுமார் 20 விநாடிக்கு மேல் போனால் புள்ளிகள் கோடாகிவிடும். கையில் இருக்கும் கேமராவை வைத்து இதெல்லாம் பழகின பிறகு, பெரிய லென்ஸுக்குக் காசு போடலாம்.

ஊர் வெளிச்சத்தில் நின்றால் விலை உயர்ந்த லென்ஸும் அந்த வெளிச்சத்தைத்தான் சேர்த்து வாங்கும்.