எழுத்தால் வழக்காடிய இரட்டைமலை சீனிவாசனார்

காஞ்சி மாநகருக்குத் தென்கிழக்கே, மதுராந்தகம் பகுதியில் கோழியாளம் என்னும் சிற்றூர் உள்ளது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பிறந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். சட்டமன்றத்திலும் வட்டமேசை மாநாட்டிலும் அவர் ஆற்றிய தொண்டினை நம்மவர் பலரும் அறிவர். அவர் எழுத்தில் வாதிட்ட முறையை ஆராய்ந்தோர் சிலரே. நம் பிள்ளைகளின் கல்விக்காகப் பாடுபடும் ஒரு சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அம்முறையை எண்ணிப் பார்ப்பது மிகவும் பொருத்தமுடையதாகும்.

கோயம்புத்தூரில் அவர் பயின்ற கலாசாலையில் ஏறத்தாழ 400 மாணவர்கள் இருந்தனர். பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமண வகுப்பினர். தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் தம்மைத் தாழ்வாக நடத்துவார்களே என்று அச்சிறுவர் அஞ்சினார். பிறரோடு கூடி விளையாட மாட்டார். பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். இச்செய்தியை அவரே முதுமையில் எழுதி வைத்தார். கல்வி முடிந்தபின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனங்களில் கணக்கராகச் சில ஆண்டுகள் பணியாற்றி, 1890இல் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

தம் குலப்பெயரை மறைத்து வாழ்ந்த அம்மாணவர், 1893 அக்டோபரில் ஓர் இதழ் தொடங்கியபோது அதற்கு அக்குலப்பெயரையே சூட்டினார். 'பறையன்' என்பதே இதழின் பெயர். முதலில் திங்கள் இதழாகவும் பின்னர் வார இதழாகவும் 1900 வரை அது வெளிவந்தது. ஊரார் இழிவாக எண்ணி உரைத்த சொல், அச்சில் ஏறி, தலைப்பாக நின்று, விலை கொடுத்து வாங்கப்படும் பொருளாயிற்று. வசைச் சொல்லின் ஆற்றல் அதனைக் கேட்பவன் கூனிக் குறுகுவதில் இருக்கிறது. கேட்பவனே அதனை உரத்துச் சொல்லிவிட்டால் வைபவனிடம் வேறு ஆயுதம் ஏது? கட்டுரைகள் தொடங்குமுன்பே இதழின் பெயர் ஒரு வாதத்தை நிகழ்த்திவிட்டது.

இவ்விடத்தில் பண்டிதர் அயோத்திதாசரையும் நினைத்தல் வேண்டும். சீனிவாசனாரின் சகோதரி தனலட்சுமி அம்மையாரை மணந்தவர் அவர். ஆயினும் உறவினர் இருவரும் வாதத்தில் வேறு வேறு வழி சென்றனர். அப்பெயர் பகைவர் சுமத்தியது. நம் முன்னோர் சாதியற்ற பௌத்தர். ஆகவே அப்பெயரை ஏற்றல் தகாது என்பது பண்டிதரின் கொள்கை. சொற்பொருளாராய்ச்சியும் பண்டைய வரலாறும் அவருடைய கருவிகள். சீனிவாசனாரோ இன்றைய நிலையைச் சான்றாகக் காட்டி, இன்றைய அரசிடம் தீர்வு கேட்டார். ஒருவர் பெயரைக் களைந்து இழிவைப் போக்க முயன்றார். மற்றவர் பெயரைத் தாங்கி இழிவுக்குக் காரணமானோரை நாணச் செய்ய முயன்றார். நோக்கம் ஒன்றே. இரு வழிகளையும் ஒப்பிட்டுக் கற்பது நம் மாணவர்க்குப் பெரும் பயன் தரும்.

அக்காலச் சூழலையும் அறிதல் வேண்டும். செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையும் கடனும் அடிமைத்தனமும் அதில் விரிவாக எடுத்துரைக்கப்பட்டன. அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு மூலமாயிற்று. செய்திகளை நிரல்படத் திரட்டி எழுதிய ஒரு ஆவணம் அரசினை அசைக்கக்கூடும் என்பதை அக்காலத்து நம் தலைவர்கள் கண்கூடாகக் கண்டனர்.

அடுத்த ஆண்டே சீனிவாசனாருக்கு ஒரு பெரும் சோதனை வந்தது. ஐ.சி.எஸ். தேர்வு இலண்டனில் மட்டும் நடைபெற்று வந்தது. அதனை இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் மக்கள் சபையும் அதற்கு இசைந்து தீர்மானம் நிறைவேற்றியது. நாடே மகிழ்ந்த அவ்வேளையில், பறையர் மகாஜன சபையின் சார்பில் சீனிவாசனார் எதிர் மனு ஒன்றைத் தயாரித்தார். அதன் நீளம் 112 அடி. அதில் கையொப்பமிட்டோர் 3,412 பேர். ஜெனரல் செஸ்னி என்னும் உறுப்பினர் வாயிலாக அது பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் அளிக்கப்பட்டது.

அம்மனுவின் வாதம் எளியது. பள்ளிக்கதவு நம்மவர்க்கு மூடியிருக்கும் நாட்டில் தேர்வு நடந்தால், தேறி வருபவர் உயர்சாதியினராகவே இருப்பர். ஊரில் நம்மை ஒடுக்குவோரின் கையிலேயே மாவட்டத்தின் அதிகாரமும் சேரும். எல்லோர்க்கும் பொது என்று அறிவிக்கப்படும் ஒன்று, கல்வி பொதுவாகாத இடத்தில் சிலர்க்கே உரியதாகிவிடும் என்பதே அதன் உட்பொருள்.

வாதத்தைத் தாங்கிய முறையும் நோக்கத்தக்கது. யாரிடம் முடிவெடுக்கும் அதிகாரம் இருந்ததோ அவர்களை நோக்கியே மனு எழுதப்பட்டது. கையொப்பங்களின் எண்ணிக்கை, இது தனி ஒருவரின் முறையீடன்று என்று மெய்ப்பித்தது. எழுத்தறிவு நம்மிடையே அரிதாயிருந்த நாளில் 3,412 பெயர்களைத் திரட்டியதே ஒரு சான்று. படித்தோர் சிலரின் குரலே நாட்டின் குரல் என்ற எண்ணத்தை அந்த 112 அடித் தாள் மறுத்தது.

இதனைக் குறை கூறுவோரும் உண்டு. அயலார் ஆட்சியின் பிடி தளர்வதை இம்மனு தடுக்க முயன்றது என்பர். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது. தேர்வை இலண்டனிலேயே நிறுத்துவதால் நம் பிள்ளைகளில் ஒருவரும் கலெக்டராகிவிடப் போவதில்லை. தீமையைத் தள்ளிப்போட வழி சொன்ன மனு, கல்வியைப் பொதுவாக்கும் வழியைத் தன் முதற்கோரிக்கையாக வைக்கவில்லை. ஆயினும் அது எழுப்பிய வினா சாகவில்லை. அரசு அத்தேர்வை அப்போது இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை, 1922இல்தான் கொண்டுவந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. அதிகாரம் கைமாறும்போது அது யாருடைய கைக்குப் போகிறது என்ற கேள்வி மட்டும் பிற்காலப் பிரதிநிதித்துவப் போராட்டங்கள் அனைத்திற்கும் வித்தாயிற்று.

1900இல் நாட்டை விட்டுச் சென்ற சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921இல் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்த அதே 1924ஆம் ஆண்டில், சென்னைச் சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். எவ்வகுப்பினரும் பொதுச்சாலைகளில் நடப்பதற்கும், பொதுக்கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கும் தடையில்லை என்பது அதன் சாரம். இங்கே சொல்லாட்சியைக் கவனியுங்கள். அனுமதி தருக என்று அது இரக்கவில்லை. தடையில்லை என்று அறிவிக்கச் சொன்னது. உரிமை முன்பே நமக்குண்டு, மறிப்பவனே சட்டத்தை மீறுபவன் என்பது அதன் பொருள். கோயில்களைச் சுற்றியே வீதிகள் அமைந்த காஞ்சி போன்ற நகரில் வாழும் நமக்கு அத்தீர்மானத்தின் அருமை நன்கு விளங்கும்.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் கலந்துகொண்டார். இருவரும் கையொப்பமிட்டு அளித்த கோரிக்கை அறிக்கையில் அண்ணலின் சட்டப் புலமை ஒளிர்கிறது. சம குடியுரிமை தொடங்கி அமைச்சரவையில் இடம் வரை எட்டு நிபந்தனைகள் அதில் வரிசைப்படுத்தப்பட்டன. புலம்பலுக்கு அங்கே இடமில்லை. ஓர் உடன்படிக்கையின் விதிகளைப் போல அவை நின்றன. இந்நிபந்தனைகள் நிறைவேறினாலன்றிப் பெரும்பான்மையோர் ஆட்சிக்கு இசையோம் என்றது அவ்வறிக்கை. 1893இன் மனு, ஆட்சி மாற்றம் வேண்டா என்று வேண்டிக்கொண்டது. இதுவோ மாற்றத்தை ஏற்று, அதற்கு விலை கூறியது. முப்பத்தேழு ஆண்டுகளில் வாதம் அடைந்த வளர்ச்சி இது.

1932இல் பூனா ஒப்பந்தத்திலும் சீனிவாசனார் கையொப்பமிட்டார். அதன்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நம்மவர்க்கு 30 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் தம் வரலாற்றைச் சிறு நூலாக வெளியிட்டார். தற்புகழ்ச்சி குன்றி, செய்திகள் மிகுந்த நூல் அது. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார். இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

நம் இளைஞர்கள் இன்று பட்டா கேட்டும், உதவித்தொகை கேட்டும், சுடுகாட்டுப் பாதை கேட்டும் மனு எழுதுகின்றனர். அம்மனுக்கள் பல, ஐயா சமூகம் கருணை கூர்ந்து என்று தொடங்கிக் கண்ணீரோடு முடிகின்றன. தறியில் பாவு சரியாக ஓடாவிடில் எத்தனை சரிகை சேர்த்தும் சேலை நில்லாது என்பதை நம் ஊரார் அறிவர். மனுவிற்குப் பாவு என்பது உண்மைச் செய்தி. பேசுபவர் யார், கேட்பவருக்கு என்ன அதிகாரம் உண்டு, சான்று எது, கேட்பது சலுகையா உரிமையா என்னும் நான்கினையும் தெளிந்தபின் எழுதுகோலை எடுக்க வேண்டும். பிறர் எழுதியதைப் படிக்கும்போதும் இந்நான்கினையே கேட்க வேண்டும். சீனிவாசனாரின் மனுவில் குறை கண்டதும் இவ்வழியில்தான். பெரியோர் எழுத்தையும் இவ்வாறு நிறுத்துப் பார்க்கும் பிள்ளைகளை உருவாக்குவதே கல்விச் சங்கத்தின் கடமை. மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியே காத்திருந்த அம்மாணவருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றியும் அதுவே.