மெய்யுலகு கண்ட தூப்புல் வேதாந்த தேசிகர்

தொண்டை மண்டலத்துக்குத் திலகமாய் விளங்கும் கச்சிமாநகரில், திருத்தண்காவைச் சார்ந்து அமைந்தது தூப்புல் என்னும் திருப்பதி. தூய தருப்பைப்புல் மிகுந்திருந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். அங்கே விபவ வருஷம், அதாவது 1268-ஆம் ஆண்டு, புரட்டாசித் திருவோண நன்னாளில், அனந்தஸூரியார்க்கும் தோதாரம்பைக்கும் திருக்குமாரராக ஒரு குழந்தை அவதரித்தது. வேங்கடநாதன் என்று திருநாமம் சாற்றினர். திருமலையப்பனுடைய திருமணியின் அம்சமாகவே இவர் தோன்றினார் என்பது ஸம்ப்ரதாயப் பெரியோர் கொள்கை.

தாய்மாமனார் கிடாம்பி அப்புள்ளார், நடாதூர் அம்மாளிடம் ஸ்ரீபாஷ்யம் கேட்டுவந்தவர். ஐந்து வயதுப் பாலகனையும் அவர் ஒருநாள் பேரருளாளன் ஸந்நிதியில் நடைபெற்ற அந்தக் காலக்ஷேப கோஷ்டிக்கு அழைத்துச் சென்றார். குழந்தையின் தேஜஸ்ஸைக் கண்டு குசலம் விசாரிக்கத் தொடங்கிய அம்மாள், மீண்டும் ஓலையை எடுத்தபோது எவ்விடத்தில் நிறுத்தினோம் என்பதை மறந்தார். கூடியிருந்த சிஷ்யர்களுக்கும் நினைவு வரவில்லை. விட்ட இடத்தை எடுத்துக் கூறியவன் அச்சிறுவன் ஒருவனே. அம்மாள் வாரியெடுத்து மடியில் இருத்தி, வேதாந்தத்தை நிலைநாட்டுவாய் என ஆசி வழங்கினார் என்பது குருபரம்பரைச் செய்தி. அதே கோஷ்டியில் அமர்ந்து, அம்மாள் அருளிய விளக்கங்களைக் கேட்டவர் ஸுதர்சன பட்டர் என்பதை அன்பர்கள் நினைவில் இருத்துக. அவரைப் பின்னர் மீண்டும் காண்போம்.

அம்மாள் முதுமை எய்தியிருந்தமையால் அப்புள்ளாரே ஆசாரியராய் அமைந்தார். இருபது பிராயத்துக்குள் வேங்கடநாதர் ஸகல சாஸ்திரங்களையும் கற்றுத் தேர்ந்தார். திருமங்கை என்னும் நங்கையை மணந்து இல்லறத்தில் நின்றார். மாமனாருக்குப் பின் திருவஹீந்திரபுரம் எழுந்தருளி, அங்குள்ள ஔஷத கிரியில் கருட மந்திரத்தை ஜபித்து, ஹயக்ரீவப் பெருமானுடைய அருளைப் பெற்றார். அத்தலத்தில் ஒரு கொத்தன், எல்லாக் கலைகளிலும் வல்லவர் என்று பெயர் பெற்ற இவர் ஒரு கிணறு கட்ட வல்லரோ என்று கேட்டானாம். கோணல் மாணலான செங்கற்களைக் கொடுத்தும் அவற்றைக் கொண்டே கிணற்றைக் கட்டி முடித்தார். தேசிகன் கிணறு என்று சேவார்த்திகள் அங்கே இன்றும் கண்டு வணங்குவது அதனையே. வாதத்தில் வென்ற பெருமையைக் காட்டிலும் தம் கையால் செங்கல் அடுக்கிய இச்செய்தி உழைத்துண்ணும் மக்களுக்கு அதிகம் உவப்பாக இருக்கும்.

இனி, இம்மஹான் தம் ஆயுள் முழுவதும் எதற்காக வாதிட்டார் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கண்ணால் காணும் இவ்வுலகம் மெய்யா, பொய்த்தோற்றமா? பரம்பொருள் குணங்களுடன் கூடியவனா, குணமற்ற வெறும் அறிவா? அத்வைத ஆசாரியர்கள், பிரமம் ஒன்றே மெய், அதனை மறைக்கும் அவித்யையினால் பலவாகிய உலகம் தோன்றுகிறது என்றனர். கயிற்றில் அரவு தோன்றுவதை உவமையாகக் காட்டினர். அவர்களும் உலகை முயற்கொம்பு போல அடியோடு இல்லாதது என்று சொல்லவில்லை. ஞானம் உதிக்கும் வரையில் அதற்கு நடைமுறை அளவிலான ஓர் உண்மையை உடன்பட்டே பேசினர். இதனைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எனினும் முடிவில் உலகமும், வணங்குகின்ற ஜீவனும், வணங்கப்படுகின்ற ஈசுவரனும் அந்த ஞானத்தில் கரைந்துவிடுவர் என்றால், திருக்கோயிலும் கைங்கரியமும் சரணாகதியும் எந்நிலையை அடையும்? ஆதலின் இது பண்டிதர்களோடு நின்றுவிடும் வழக்கன்று. திருவிழாவுக்கு நடந்து வந்து தேர்வடம் பிடிக்கும் ஒவ்வொருவரையும் பற்றியது.

சித்து, அசித்து, ஈசுவரன் ஆகிய மூன்றும் மெய். முன்னிரண்டும் ஈசுவரனுக்குச் சரீரம். அவனோ அவற்றுக்கு ஆத்மா. இதுவே எம்பெருமானார் நிலைநாட்டிய விசிஷ்டாத்வைதம். இங்கே ஒரு ஐயம் எழும். மாறுகின்ற ஜடமும் துன்புறுகின்ற ஜீவனும் அவனுக்கு உடல் என்றால், அம்மாறுதலும் துன்பமும் அவனைப் பற்றாவோ? இதற்கு விடை கூறுமிடத்தில் எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் ஆடையை உவமையாக எடுத்தாண்டுள்ளார். வெள்ளை, கறுப்பு, சிவப்பு ஆகிய இழைகளைக் கூட்டி நெய்த ஆடை ஒன்றேயாயினும், வெள்ளிழை உள்ள இடத்தில்தான் வெண்மை காணும். சிவப்பு அதில் கலப்பதில்லை. அவ்வாறே மூன்றும் சேர்ந்து உலகமாய் நின்றபோதும், மாறுதல் அசித்தோடும், இன்பதுன்பம் ஜீவனோடும், ஆளும் தன்மை ஈசுவரனோடும் நிற்கும்.

பட்டுத்தறி ஒலிக்கும் ஆரணிச் சீமையில் இவ்வுவமைக்கு உரை தேவையில்லை. பாவிலும் ஊடையிலும் ஓடும் இழைகள் தம் நிறத்தை இழக்காமலே ஒரு சேலையாவதை நாள்தோறும் காண்பவர் இங்குள்ளோர். ஆனால் உவமை நில்லாத இடத்தையும் பாஷ்யகாரரே காட்டிவிடுகிறார். இழைகள் தனித்தனியே கிடக்கக் கூடியவை. நெய்பவன் எண்ணும்போதுதான் அவை ஒன்றுசேரும். சித்தும் அசித்துமோ எம்பெருமானை விட்டு ஒருகாலும் தனித்திருப்பதில்லை. பிரளயத்தில் நுண்ணிய நிலையிலும், படைப்பில் விரிந்த நிலையிலும் அவை அவனுக்கு உடலாகவே உள்ளன.

இக்கொள்கைக்கு அரணாகவே தேசிகர் தம் நூல்களைச் செய்தருளினார். தத்துவமுக்தாகலாபத்தில் ஜடப்பொருள், ஜீவன், ஈசுவரன், அறிவு, குணங்கள் என ஐந்து பகுதிகளாகப் பிரித்து, ஐந்நூறு சுலோகங்களில் மெய்ப்பொருள்களை ஆராய்ந்து, அதற்கு ஸர்வார்த்தஸித்தி என்னும் உரையையும் தாமே இயற்றினார். பரம்பொருளைப் பேசப் புகுந்தவர் ஜடப்பொருளை முதற்பகுதியாக வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. சததூஷணியில் அவித்யைக் கொள்கையைப் பல முகங்களில் மறுத்தார். அந்த அறியாமை யாரைப் பற்றி நிற்கிறது? அறிவே வடிவான பிரமத்தை என்றால் ஒளியில் இருள் குடியிருப்பது போலாம். ஜீவனை என்றால், ஜீவனே அவ்வறியாமையால் தோன்றியவன் என்கிற நிலையில், பிள்ளை பிறக்குமுன் தாயைத் தாங்கிய கதையாம். நூற்பெயர் நூறு என்று சுட்டினும் இன்று கிடைக்கும் வாதங்கள் 66 மட்டுமே. வடமொழி அறியாதார்க்கென மணிப்பிரவாள நடையில் பரமதபங்கம், 32 அதிகாரங்கள் கொண்ட ரஹஸ்யத்ரயஸாரம் முதலியவற்றையும் அருளினார்.

உலகம் மெய் என்று இவ்வளவு உறுதியாகக் கூறியவர் அவ்வுலகின் செல்வத்தைத் தீண்டவில்லை. நாள்தோறும் உஞ்சவிருத்தி செய்து கிடைத்த அரிசியைக் கொண்டே குடும்பம் நடந்தது. ஒருமுறை அன்பர் ஒருவர் அரிசியோடு பொற்காசுகளையும் கலந்து இட்டார். பளபளக்கும் இவை யாவை என்று தேவிகள் வினவ, புழுக்கள் எனக் கூறித் தருப்பையால் ஒதுக்கி எறிந்தார். இளமை முதல் நட்புப் பூண்டிருந்த வித்யாரண்யர் விஜயநகர அரசவைக்கு வருமாறு ஓலை விடுத்தபோதும், வைராக்ய பஞ்சகம் என்று வழங்கும் சுலோகங்களையே விடையாக அனுப்பினார். வித்யாரண்யர் அத்வைதி, அக்ஷோப்ய தீர்த்தரோ த்வைதி. அவ்விருவர்க்கும் நேர்ந்த வாதத்தின் குறிப்புகளைத் தீர்ப்புக்காகத் தேசிகரிடமே அனுப்பினர் என்று மரபு கூறுகிறது. மாற்றுக் கொள்கையினரும் இவருடைய நடுநிலையில் வைத்த நம்பிக்கைக்கு இது சான்றாகும்.

திருவரங்கத்தில் பெரியோர் அழைப்பை ஏற்று எழுந்தருளி வாதப்போர் புரிந்து வென்றார். வேதாந்தாசார்யர் என்னும் விருதைப் பெரிய பெருமாளும், ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர் என்னும் விருதைத் தாயாரும் அருளினர் என்பர். பாதுகைகளைப் போற்றும் 1008 சுலோகங்களை அவர் அங்கே ஓரிரவில் பாடி முடித்தார் என்பதும் யாவரும் அறிந்ததே.

1311-இல் மாலிக்காபூரின் படை தென்னாட்டில் புகுந்து சென்றது. 1323-இல் மீண்டும் தில்லிப்படை திருவரங்கத்தை நெருங்கியது. நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு முதியவரான பிள்ளை லோகாசார்யர் ஒரு சிறு குழுவுடன் தென்திசை சென்றார். அவ்வழியிலேயே ஜ்யோதிஷ்குடியில் திருநாடு எய்தினார். கோயிலில் எஞ்சி நின்றவர்களுள் ஸுதர்சன பட்டரும் ஒருவர். நடாதூர் அம்மாளிடம் கேட்ட பொருளையெல்லாம் திரட்டி, ஸ்ரீபாஷ்யத்துக்குச் ச்ருதப்ரகாசிகை என்னும் பேருரையை அவர் எழுதி வைத்திருந்தார். கேட்டதை ஒளிரச் செய்வது என்பது அப்பெயரின் பொருள். தளர்ந்த வயதில் ஓட இயலாத அவர், அவ்வோலைச் சுவடியையும் தம் இரு புதல்வர்களையும் தேசிகரிடம் ஒப்படைத்து உயிர் துறந்தார்.

அன்றிரவு காவிரிக்கரையில் வெட்டுண்டு கிடந்த உடல்களுக்கு நடுவே, இரு சிறுவர்களையும் அணைத்துக்கொண்டு, சுவடியை மறைத்து, தாமும் பிணம்போலக் கிடந்தார் தேசிகர் என்று குருபரம்பரை கூறும். அப்போது அவருக்கு 55 வயது. ஐந்து வயதில் அம்மாளின் கோஷ்டியில் விட்ட இடத்தை எடுத்துக் கொடுத்தவருடைய கையில், அந்த கோஷ்டியின் முழுப் பொருளும் ஓலைக்கட்டாய் வந்து சேர்ந்திருந்தது. அவர் எழுந்து ஓடியிருந்தால் தம் உயிரேனும் தப்பியிருக்கலாம். சுவடியோ சிறுவர்களோ தப்பியிருக்க வழியில்லை. படை அகன்றபின் மேற்கே நடந்து கருநாட்டு எல்லையில் சத்தியாகாலத்தை அடைந்தனர். அங்கும் திருநாராயணபுரத்திலும் பல ஆண்டுகள் தங்கி, அச்சிறுவர்களுக்கு உபநயனம் செய்வித்துக் கற்பித்தார். திருவரங்கத்தில் அச்சம் நீங்கவேண்டி அபீதிஸ்தவம் பாடினார். இன்று ஸ்ரீபாஷ்யம் கற்போர் ச்ருதப்ரகாசிகையின் துணையின்றி ஓரடியும் நகர்வதில்லை.

இதனிடையே நம் பகுதியிலும் காலம் மாறிற்று. கண்ணமங்கலத்துக்கு அணித்தான படைவீட்டில் அரசு செலுத்திய சம்புவராயரை, விஜயநகர இளவரசர் குமார கம்பணர் 1360-ஆம் ஆண்டையொட்டி வென்றார். பின்னர் மதுரை வரை சென்று சுல்தானியரை வீழ்த்தினார். அவருடைய அதிகாரியாகிய கோபணார்யர், திருமலையில் இருந்த நம்பெருமாளைச் செஞ்சிக்கு எழுந்தருளச் செய்து ஆராதித்து, அங்கிருந்து திருவரங்கத்தில் மீண்டும் பிரதிஷ்டை செய்வித்தார். இதனைப் போற்றும் இரு சுலோகங்கள் திருவரங்கக் கல்வெட்டில் சக ஆண்டு 1293, அதாவது 1371 என்னும் காலக்குறிப்போடு உள்ளன. அவை தேசிகர் திருவாக்கு என்பது மரபு. அவரோ ஸௌம்ய வருஷம் கார்த்திகையில், 1369-இல், திருமுடியைத் திருக்குமாரர் வரதாசாரியர் மடியில் வைத்துத் திருநாடு அலங்கரித்தார் என்பதும் மரபே. முன்பு பாடியதைப் பின்னர்க் கல்லில் வெட்டினர் என்று கொள்வோர் உளர். கல்வெட்டைப் பொய்யாக்காமலும் மரபைத் தள்ளாமலும் இருப்பதால் அவ்வாறு கொள்வதே பொருந்தும்.

தேசிகர் கண்ணன் சரிதையை 24 ஸர்கங்களில் யாதவாப்யுதயம் என்னும் காவியமாகப் பாடியிருந்தார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அதற்கு விரிவுரை கண்டவர், ஆரணிக்கு அருகிலுள்ள அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீக்ஷிதர். அவர் சிறந்த சிவபக்தர். அத்வைதத்துக்கு நூல்கள் பல இயற்றியவர். வேலூர்ச் சின்ன பொம்ம நாயக்கரால் கனகாபிஷேகம் பெற்றவர். அடையபலத்தில் அவர் எடுப்பித்த காளகண்டேசுவரர் ஆலயத்தில் 1582-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவர் புகழைக் கூறி நிற்கிறது. தம் ஸித்தாந்தத்தை மறுத்த ஆசாரியரின் காவியத்துக்கு, சுலோகம் சுலோகமாக அதன் அழகை எடுத்துக்காட்டி உரை வரைந்தார் அந்த அடையபலத்துப் பெரியவர்.