எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார்

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழ்நாட்டு வணிகர்க்குத் தொன்றுதொட்டுப் பழகிய வழக்கமாகும். அவ்வழக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் விடாது போற்றியவர் நகரத்தார் ஆவர். பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் அவர்கள் கொடுக்கல் வாங்கல் தொழில் செய்தனர். ஊரிலுள்ள முதலாளி நம்பிக்கைக்குரிய ஒருவரை மூன்றாண்டுக் கணக்கிற்கு அனுப்பி வைப்பார். அவர் ஒரு கிட்டங்கியில் பாய் விரித்து, எதிரே மேசைப்பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, பல இலட்சம் ரூபாயை ஆள்வார். ஐந்தொகைக் கணக்கு தவறாது ஊருக்கு வந்து சேரும். கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டுவதில்லை. முதலாளியின் விலாசமாகிய தலைப்பெழுத்துக்களே போதும். அவ்விலாசத்தின்மேல் ரங்கூனில் எழுதிய உண்டி, சென்னையில் பணமாக மாறும். எம்.சிடி.எம். என்பதும் அத்தகைய விலாசங்களுள் ஒன்று.

அக்குடும்பத்தில் சர் முத்தையா செட்டியாரின் மைந்தராக 1908ஆம் ஆண்டில் சிதம்பரம் செட்டியார் பிறந்தார். சேப்பாக்கத்து விளையாட்டரங்கிற்குப் பெயர் தந்த எம்.ஏ. சிதம்பரம் என்பவர் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமை கண்டு மயங்குவார் பலர் ஆதலின் இதனை இங்கே குறிக்க நேர்ந்தது. இளமையிலேயே தந்தையை இழந்தமையால், குடும்பத் தொழிலின் பொறுப்பு இவர் தோள்மேல் விழுந்தது.

அப்பொறுப்பு எளியதன்று. 1930ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் விலைகள் வீழ்ந்தன. பர்மாவில் நெல்லின் விலை பாதிக்கும் கீழே இறங்கிற்று. கடன் பெற்ற உழவர் பணத்தைத் திருப்பித் தர இயலாமல், ஈடு வைத்த நிலத்தையே விட்டுக்கொடுத்தனர். நெல் மிகுதியாக விளையும் பதின்மூன்று மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938இல் அது 25 பங்காயிற்று. பார்ப்போர்க்கு இது செல்வப் பெருக்கமாகத் தோன்றும். உண்மையில் சுற்றிவர வேண்டிய பணம் சேற்றிலே புதைந்து கிடந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவனின் மனக்கசப்பும் வளர்ந்தது. அக்கசப்பு நியாயமற்றது என்று நாம் கூறுவதற்கில்லை.

மற்றொரு குறையும் இருந்தது. ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக மாற்றித் தரும் அந்நியச் செலாவணித் தொழில், பெரும்பாலும் ஆங்கிலேயருடைய வங்கிகளின் கையில் இருந்தது. பினாங்கிலோ ரங்கூனிலோ வணிகம் செய்த இந்தியர் அவ்வங்கிகளின் வாயிலில் நிற்க வேண்டியவராயினர். தனி ஒருவரின் விலாசம், எத்துணைப் புகழ் வாய்ந்ததாயினும், அவ்வங்கிகளுக்கு ஈடாகாது. பலர் முதலிட்டுப் பங்கு கொள்ளும் வங்கி ஒன்றே அதற்கு ஈடாகும்.

1937ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைச் சிதம்பரம் செட்டியார் தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. வெளிநாட்டு வங்கித் தொழிலும் செலாவணியுமே அதன் தனி நோக்கங்கள். சென்னை, காரைக்குடி, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் அதன் கதவுகள் திறந்தன. உள்நாட்டில் வேரூன்றிய பின்னரே வெளிநாடு செல்வது வங்கிகளின் இயல்பு. இவ்வங்கியோ பிறக்கும்போதே ஒரு காலைக் கடலுக்கு அப்பால் ஊன்றிக்கொண்டது. ஏழு வாரம் கழிந்து, ஏப்ரல் முதல் நாளன்று, பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டுத் தனி நாடாயிற்று. ரங்கூன் கிளை உண்மையிலேயே அயல்நாட்டுக் கிளையாயிற்று.

அடுத்த ஆண்டில் பெருஞ்சோதனை வந்தது. 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் குயிலான் வங்கி முறிந்தது. தென்னாட்டில் பணம் போட்டு வைத்தவர் யாவரும் அஞ்சினர். வங்கி என்பது பிறர் நம்பிக்கையின் மேல் எழுப்பிய வீடு; அயல்வீடு இடிந்தால் இவ்வீடும் அதிரும். ஓராண்டே நிரம்பிய இளம் வங்கி அவ்வதிர்ச்சியைத் தாங்கி நின்றது.

அவ்வாண்டிலேயே அவர் காப்பீட்டுத் துறையிலும் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். 1906இல் சென்னையில் தோன்றிய யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவர் தலைமையில் வளர்ந்து வந்தது. மனிதர் உயிருக்குக் காப்பளிப்பது ஒன்று; சரக்கிற்கும் கிடங்கிற்கும் காப்பளிப்பது மற்றொன்று. இப்பின்னதன் பொருட்டு யுனைடெட் இந்தியா தீ, பொதுக் காப்பீட்டு நிறுவனம் 1938இல் நிறுவப்பட்டது. வங்கி கடன் கொடுக்கும். அக்கடனால் வாங்கிய சரக்குத் தீப்பற்றினால் காப்பீடு ஈடு செய்யும். இரண்டும் ஒன்றற்கொன்று துணையாவதை இதனால் அறியலாம்.

பின்னர்ப் போர் மூண்டது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும், மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. பர்மாவிலிருந்த இந்தியர் பல்லாயிரவர் காடும் மலையும் கடந்து கால்நடையாய் ஓடிவந்தனர். வழியில் மாண்டவர் பலர். கடலுக்கு அப்பால் ஊன்றிய கால் முறிந்தது போலாயிற்று. ஆயினும் போர் முடிந்தவுடன் வங்கி மீண்டும் கடல் கடந்தது. கொழும்பிலும் பாங்காக்கிலும் புதிய கிளைகள் தோன்றின. 1947இல் நாடு விடுதலை பெற்றபோது உள்நாட்டில் 38 கிளைகளும் வெளிநாடுகளில் 7 கிளைகளும் இருந்தன. மக்கள் இட்டு வைத்த தொகை 6.64 கோடி ரூபாய்.

பெரும்பாவூரில் பெரியாற்றின் பக்கத்தே ரேயான் ஆலை ஒன்றையும் அவர் நிறுவினார். அது தனியே எழுதத்தக்கது.

சென்னை மவுண்ட் ரோட்டில் தம் நிறுவனங்களுக்கென வானளாவிய கட்டடம் ஒன்றை எழுப்ப அவர் விரும்பினார். இலண்டன் நகரத்துக் கட்டடக் கலைஞர் வரைபடம் தீட்டினர். 1953இல் வேலை தொடங்கிற்று. மறு ஆண்டு மார்ச் 13ஆம் நாள், அவர் பயணம் செய்த விமானம் சிங்கப்பூர்க் கல்லாங் நிலையத்தில் இறங்கும்போது ஓடுபாதையின் முனையிலிருந்த சுவரில் மோதித் தீப்பற்றியது. பயணிகள் 31 பேரும் மாண்டனர். அவர்க்கு வயது நாற்பத்தாறுகூட நிரம்பவில்லை.

அவர் நிறுவியனவும் வளர்த்தனவும் பின்னர் ஒவ்வொன்றாய் அரசின் உடைமையாயின. வங்கி 1969இலும், பொதுக் காப்பீட்டு நிறுவனம் 1973இலும் நாட்டுடைமையாயின. ஆயுள் காப்பீடு அவற்றிற்கு முன்பே, 1956இல், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தினிடம் சென்றது. கட்டி முடியாத அக்கட்டடமும் அதனோடு சென்றது. 1959 ஆகஸ்டு 23ஆம் நாள் அது திறக்கப்பட்டது. உயரம் 177 அடி. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர் யாவரும் அண்ணாந்து பார்த்துப் பதினான்கு மாடிக் கட்டடம் என்று விரல் விட்டு எண்ணினர். அதனைக் கட்ட எண்ணியவர் யார் என்று வினவியவர் சிலரே.