நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி



கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைக்கும் உங்களில் பலர் ஏதாவதொரு சங்கத்தில் அங்கத்தினர்களாயிருக்கிறீர்கள். ஒரு நாள் சர்க்கார் கெஜட்டில் ஓர் உத்தரவைப் போட்டு, கோர்ட்டு விசாரணை ஏதுமின்றி, உங்கள் சங்கம் சட்டவிரோதமானது என்று சொல்லிவிட்டால் உங்கள் கதி என்ன? 1950-ல் சென்னை ராஜ்யத்தில் மக்கள் கல்விச் சங்கம் என்ற ஒரு சங்கத்துக்கு அப்படியே நேர்ந்தது. அந்த வழக்கில் முடிவான தீர்ப்பை எழுதிய பெரியவரைப் பற்றிச் சற்றுக் கேளுங்கள்.

பதஞ்சலி சாஸ்திரி 1889 ஜனவரி 4-ந் தேதி பிறந்தார். தந்தை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சமஸ்கிருத பண்டிதர். மகனோ சட்டம் படித்து 1914-ல் வக்கீலானார். செட்டியார் வர்த்தகர்களின் வரி வழக்குகளை நடத்திப் பெயர் பெற்றார். அந்தத் திறமையைக் கண்டு, 1922-ல் வருமான வரிக் கமிஷனருக்கே வக்கீலாக நியமித்தார்கள். 1939-ல் சென்னை ஐகோர்ட் நீதிபதி. 1947-ல் டில்லி பெடரல் கோர்ட் நீதிபதி. 1950-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி. 1951 நவம்பரில் சுதந்திர இந்தியாவின் இரண்டாவது பிரதம நீதிபதி. இப்படிப் படிப்படியாக உயர்ந்தார்.

ஆனால் பதவியின் உயரத்தைவிட அவர் தராசைப் பிடித்த விதத்தைப் பாருங்கள். 1950 மே மாதம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் காவல் வழக்கில், தடுப்புக் காவல் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்ற பக்கம் நின்றார். அதனால் சர்க்காரின் ஆள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரே வாரத்தில், பம்பாய்ப் பத்திரிகையொன்றைச் சென்னை ராஜ்யத்துக்குள் வரவிடாமல் செய்த உத்தரவு செல்லாது என்று அவரே தீர்ப்பெழுதினார். அந்தத் தீர்ப்பும் ஒரு காரணமாக, 1951-ல் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தியது. அத்திருத்தத்தை எதிர்த்து ஜமீன்தார்கள் வழக்காடினார்கள். தம் தீர்ப்பின் பலனைக் குறைத்த திருத்தமாயிற்றே என்று அவர் மனத்தாங்கல் கொள்ளவில்லை. திருத்தும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார்.

கடைசியாக அந்தச் சங்கத்தின் வழக்கு. சென்னை ஐகோர்ட் தடையை ரத்து செய்ய, சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டார் விசாரித்துப் பாராமல், சர்க்காரின் அபிப்பிராயத்தை மாத்திரம் கொண்டு ஒரு சங்கத்தை ஒழிப்பது நியாயமல்ல என்று 1952 மார்ச்சில் அவர் தீர்ப்புச் சொன்னார். கெஜட்டில் வந்ததை அறியாத ஏழை அங்கத்தினனும் தண்டனைக்குள்ளாவானே என்பதையும் எண்ணிப் பார்த்தார்.

1954 ஜனவரியில் ஓய்வு பெற்று, 1963-ல் காலமானார். அவர் எழுதியவற்றில் சிலவற்றைப் பின்வந்த நீதிபதிகள் மாற்றியதுண்டு. மனிதன் தீர்ப்பில் குறையிருக்கலாம், ஓரவஞ்சனைதான் இருக்கலாகாது.

பெற்றோரே, உங்கள் வீடும் ஒரு நியாயஸ்தலந்தான். பிள்ளைகள் இருவர் வழக்கோடு வந்தால், பிரியமான பிள்ளை எது என்று பாராதேயுங்கள். இருவர் சொல்லையும் முழுதும் கேளுங்கள். கேட்ட பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

உங்கள் பங்குக் குரு