கடலுக்குச் சமாதானம் கேட்ட அம்மையார்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் நடுக்கடலில் யப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைத் தாக்கி மூழ்கடித்தன. கப்பலோடு 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று காலையே திருகோணமலைத் துறைமுகத்திலும் குண்டுகள் விழுந்தன. சண்டை யப்பானுக்கும் பிரித்தானியாவுக்கும். சாவு விழுந்தது நமது கரையில். அந்தக் கப்பல் இன்றும் கடலடியில் கிடக்கிறது. சொறிக்கல்முனையிலிருந்து கல்முனைக்குப் போய் நாம் மீன் வாங்குகிறோமே, அந்தக் கரையைத் தொடும் கடல்தான் அது.

இந்தக் கடலில் வல்லரசுகளின் ஆயுதம் வேண்டாம் என்று ஐக்கிய நாடுகள் சபையில் எழுந்து கேட்டவர் இலங்கையின் பிரதமராயிருந்த திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா. இந்தப் பெயரைக் கேட்டால் நமது வீடுகளில் மூத்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை.

1916 ஏப்ரல் 17இல் இரத்தினபுரிப் பகுதியில், ரத்வத்தை என்னும் பிரபு குடும்பத்தில் பிறந்தவர் அவர். பௌத்த குடும்பத்துப் பிள்ளை. ஆயினும் கொழும்பில் படித்தது புனித பிறிஜெற் கன்னியர் மடத்தில். 1940இல் அரசியல்வாதியான எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவை மணந்தார். கிராமத்துப் பெண்களுக்கான மகளிர் சங்கத்தில் உழைத்தாரேயன்றி அரசியல் மேடையை நாடவில்லை. கணவர் 1956இல் பிரதமரானார். அடுத்த ஆண்டே திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்கா விமானத் தளத்தையும் பிரித்தானியரிடமிருந்து மீட்டார். 1959 செப்டெம்பர் 25இல் தம் வீட்டு விறாந்தையில் ஒரு பிக்குவின் கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்கு இலக்காகி மறுநாள் இறந்தார். மூன்று பிள்ளைகளோடு விதவையாக நின்ற சிறிமாவோ, பத்து மாதங்களுக்குள், 1960 ஜூலையில், உலகின் முதற் பெண் பிரதமரானார்.

அடுத்து வந்ததுதான் நமது காயம். உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் சட்டம் 1960 இறுதியில் நிறைவேறியது. கன்னியரிடம் கல்வி கற்றவரின் அரசாங்கமே கன்னியரின் பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிக்கூடங்களுக்குள் இரவு பகலாகக் காவலிருந்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பின்னரே கொந்தளிப்பு அடங்கியது. 1961இல் தமிழ் மொழிக்காக வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகளின் முன் நடந்த சத்தியாக்கிரகத்தை இராணுவம் கொண்டு கலைத்ததும் இவரது அரசாங்கமே. ஆகவே, தமிழ்க் கத்தோலிக்கருக்கு இவரோடு வழக்கு ஒன்றல்ல, இரண்டு.

அதே 1961இல் அமெரிக்காவில் வேறொரு சட்டம் பிறந்தது. செப்டெம்பர் 26இல் ஜனாதிபதி கென்னடி அதில் ஒப்பமிட்டார். பண்டாரநாயக்கா இறந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழிந்த நாள் அது என்பது தற்செயல். ஆயுதக் கட்டுப்பாட்டுக்கும் ஆயுதக் களைவுக்கும் என்றே தனியான ஓர் அரச நிறுவனத்தை அச்சட்டம் அமைத்தது. போருக்கென்று ஒரு பெரிய திணைக்களம் இருக்கையில், ஆயுதத்தைக் குறைக்கும் வழியை ஆராயவும் அதற்காகப் பிற நாடுகளோடு பேசவும் ஒரு சிறிய அலுவலகமாவது வேண்டாமா என்பதே அதன் நியாயம். 1999 ஏப்ரலில் அது வெளிநாட்டமைச்சுக்குள் கரைக்கப்படும் வரை இயங்கியது. அணுகுண்டு வைத்திருந்த நாட்டுக்கு அப்படியொரு நிறுவனம் தேவைப்பட்டது. அணுகுண்டு இல்லாத இலங்கையிடம் இருந்ததெல்லாம் பேசும் வாய் மட்டுமே. அந்த வாயை அம்மையார் நன்றாகவே பயன்படுத்தினார்.

1962 இறுதியில் சீனாவும் இந்தியாவும் எல்லையில் மோதியபோது அணிசேரா நாடுகள் ஆறினைக் கொழும்பில் கூட்டி, பின்னர் தாமே பீக்கிங்குக்கும் டில்லிக்கும் தூது போனார். 1964இல் கெய்ரோ மாநாட்டில் இந்து சமுத்திரம் அணு ஆயுதமற்றதாக வேண்டும் என்று கேட்டார். 1965இல் தேர்தலில் தோற்று, 1970 மே மாதம் மீண்டும் பிரதமரானார். அவ்வாண்டு டிசெம்பரில் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கட்டுநாயக்காவில் வந்திறங்கியபோது ஆட்சியில் இருந்தவரும் இவரே.

இந்து சமுத்திரத்திலோ நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. மாலைதீவுக்குத் தெற்கேயுள்ள டியேகோ கார்சியாத் தீவைப் பிரித்தானியா 1966இல் அமெரிக்காவுக்குத் தளமாகக் கொடுத்தது. தளம் அமைக்க வேண்டுமென்று 1973க்குள் அங்கிருந்த குடிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அந்த ஏழை மக்களிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அவர்களின் கோவில் பாழடைந்தது. சோவியத் கப்பல்களும் இக்கடலில் நடமாடத் தொடங்கியிருந்தன.

1971 ஏப்ரலில் இலங்கைக்குள்ளேயே நெருப்பு மூண்டது. தென்னிலங்கையின் சிங்கள இளைஞர்கள் ஆயுதம் ஏந்திக் கிளர்ந்தனர். ஆட்சியைக் காக்க அம்மையார் எல்லாத் திக்கிலும் உதவி கேட்டார். இந்தியா, பிரித்தானியா, அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் எல்லாம் உதவின. ஆயுதங்களும் ஹெலிகொப்டர்களும் போர் விமானங்களும் வந்திறங்கின. பல்லாயிரம் இளைஞர் மாண்டனர் என்பர். ஆறு மாதங்களின் பின், ஒக்டோபர் 12இல், அதே அம்மையார் நியூயோர்க்கில் பொதுச் சபையின் முன் நின்று, இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்குங்கள் என்று வேண்டினார். இதைப் பாசாங்கு என்பாரும் உண்டு. வெளியாரின் ஆயுதம் எத்தனை சுலபமாக வந்திறங்குகிறது என்பதைக் கண்ணாற் கண்ட பிறகு கேட்டார் என்றும் கொள்ளலாம். நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் முதலாவதை முற்றாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

இலங்கையும் தன்சானியாவும் முன்வைத்த தீர்மானம் 1971 டிசெம்பர் 16இல் நிறைவேறியது. ஆதரவு 61, எதிர்ப்பு எதுவுமில்லை, வாக்களியாது ஒதுங்கியவை 55. இந்தியாவும் சீனாவும் ஆதரித்தன. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்சு நான்கும் ஒதுங்கின. இக்கடலிற் போட்டிக்காக அமைத்த தளங்களையும் அணு ஆயுதங்களையும் அகற்றுவதற்குக் கரையோர நாடுகளோடு பேசுங்கள் என்று வல்லரசுகளைக் கேட்டது தீர்மானம். அன்றைய தினமே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்த வாரத்தில் அமெரிக்காவின் அணுசக்திக் கப்பலான என்ரபிறைஸ் வங்காள விரிகுடாவுக்குள் புகுந்திருந்தது. சமாதான வலயம் பிறந்த வேளை அப்படி.

1972இல் இதற்கென்றே 15 நாடுகள் கொண்ட ஒரு குழுவை ஐக்கிய நாடுகள் சபை அமைத்தது. இலங்கைப் பிரதிநிதி ஷேர்லி அமரசிங்க அதன் தலைவரானார். கென்னடியின் நிறுவனம் போலச் சட்டமும் பணமும் உடையதல்ல. கூடிப் பேசும் குழு, அவ்வளவுதான். 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாட்டைக் கொழும்பில் அம்மையார் தலைமை தாங்கி நடத்தினார். ஆயுதக் களைவுக்கெனப் பொதுச் சபையின் விசேட கூட்டம் ஒன்று வேண்டும் என்று அம்மாநாடு கேட்டது. அக்கூட்டம் 1978இல் கூடியபோது அவர் பிரதமராக இல்லை. 1977 ஜூலையில் மக்கள் அவரைத் தோற்கடித்திருந்தனர். 1980இல் குடியியல் உரிமைகளும் பறிக்கப்பட்டன. 1981இல் கொழும்பில் கூடவிருந்த இந்து சமுத்திர மாநாடு கூடவேயில்லை. டியேகோ கார்சியாத் தளமோ வளர்ந்தது. 1991இல் ஈராக்கின் மீது குண்டு போடச் சென்ற விமானங்களிற் சில அங்கிருந்தே எழுந்தன.

இந்த ஆண்டுகளில் வடக்கும் கிழக்கும் போர்க்களமாகிவிட்டன. கடலுக்குக் கேட்ட சமாதானத்தைக் கரைக்கும் கேட்டிருக்கலாமே என்று இப்பகுதியில் ஒரு தாய் நினைத்தால் அதில் தவறு காண முடியாது.

1994இல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானபோது அம்மையார் மூன்றாந் தடவையாகப் பிரதமரானார். சுகவீனத்தால் 2000 ஆகஸ்டில் பதவி விலகினார். அவ்வாண்டு ஒக்டோபர் 10 பாராளுமன்றத் தேர்தல் நாள். 84 வயதில், வாக்களித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் வழியில், கடவத்தையில் மாரடைப்பால் காலமானார். ஹொரகொல்லையில் கணவரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.