மூன்று அணில்களுக்குக் குரல் கொடுத்தவர்

மாலையில் நம் பூங்காப் பக்கம் போனால், செல்பேசியில் தங்கள் குரலைக் கீச்சுக்குரலாக மாற்றிக் கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கும் குழந்தைகளைப் பார்க்கலாம். இதே விளையாட்டை 1958-லேயே டேப் ரிக்கார்டரில் விளையாடி, அதைக் கொண்டே குடும்பத்தைக் கரையேற்றியவர் ராஸ் பாக்தசாரியன். பெயர் புதிதாக இருக்கலாம். 'ஆல்வின் அண்ட் தி சிப்மங்க்ஸ்' படம் பார்த்த வீடுகளில் அவருடைய அணில்களைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள்.

1919 ஜனவரி 27 அன்று கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில், அர்மீனியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். போர்ப்பணி முடிந்து வந்து திராட்சை பயிரிட்டுப் பார்த்தார், கைகொடுக்கவில்லை. எழுத்தாளர் வில்லியம் சரோயன் அவருக்கு உறவுமுறைச் சகோதரர். இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை 1951-ல் ரோஸ்மேரி க்ளூனி பாட, அமெரிக்கா முழுக்க ஒலித்தது. ஆனால் ஒரு பாட்டை வைத்து எத்தனை நாள் அடுப்பெரியும்? சினிமாவில் சின்னச் சின்ன வேடங்களும் போட்டார். ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' படத்தில் எதிர்வீட்டில் பியானோ வாசிக்கும் பாட்டுக்காரர் இவர்தான். (அடுத்த வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பவரின் கதை. அடுக்ககவாசிகள் அவசியம் பார்க்க வேண்டும்!)

1958-ல் மனைவி, மூன்று பிள்ளைகள், கையிருப்பு 200 டாலர். அதில் ஏறக்குறைய 190 டாலரைக் கொடுத்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டேப் ரிக்கார்டர் ஒன்றை வாங்கிவந்தார் என்பார்கள். நம் வீட்டில் இப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கருவியில் பிறந்த 'விட்ச் டாக்டர்' பாட்டு முதலிடத்துக்குப் போனது. தள்ளாடிக்கொண்டிருந்த லிபர்ட்டி இசைத்தட்டு நிறுவனமும் அதனால் தலைநிமிர்ந்தது.

சூட்சுமம் எளிது. நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, மெதுவாக இழுத்து இழுத்துப் பாட வேண்டும். முழு வேகத்தில் போட்டால் தாளம் சரியாகிவிடும். குரல் மட்டும் ஒரு ஸ்தாயி ஏறிவிடும். அப்படி மூன்று முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, ஆல்வின், சைமன், தியோடர் மூவரையும் அவர் ஒருவரே உருவாக்கினார். பெயர்கள் லிபர்ட்டி நிறுவனத்தார் இருவருடையதும், ஒலிப்பதிவாளருடையதும். அந்த ஆண்டுக் கடைசியில் வந்த அவர்களுடைய கிறிஸ்துமஸ் பாட்டும் முதலிடம் பிடித்து, முதல் கிராமி விழாவிலேயே மூன்று விருதுகளை வாங்கியது.

1961 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 'தி ஆல்வின் ஷோ' தொடங்கியது. சொல்பேச்சுக் கேட்காத ஆல்வினும், கத்திக் கத்தித் தொண்டை வற்றும் டேவும் அதில்தான் சித்திரமாக உயிர்பெற்றார்கள். டேவின் குரலும் இவருடையதே. ஆனால் இரவு நேரத்தில் தொடர் எடுபடவில்லை. 26 பகுதிகளோடு தயாரிப்பு நின்றது. 1964-ல் பீட்டில்ஸ் பாடல்களை அணில்கள் பாடும் இசைத்தட்டு வந்தது. பிறகு மெல்ல மெல்ல ஒதுங்கி, பழைய திராட்சைத் தொழிலுக்கே திரும்பினார்.

1972 ஜனவரி 16 அன்று மாரடைப்பில் காலமானார். வயது 52. சட்டம் படித்திருந்த மகன் ராஸ், அப்பாவின் அணில்களைக் கையிலெடுத்தார். 1983-ல் அவை மறுபடியும் தொலைக்காட்சிக்கு வந்து, 1990 வரை ஓடின. அதில் ஆல்வினுக்கும் டேவுக்கும் குரல் கொடுத்தவர் அந்த மகனே.